ஆம்ப் மீட்டரைக் கழற்றலாமா?

பழைய புல்லட் 350-இல் ஓட்டுகிறவனுக்குச் சேதி சொல்ல இரண்டே முட்கள். ஹெட்லைட் டூமின் நடுவில் ஸ்பீடாமீட்டர், அதன் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லாத ஆம்ப் மீட்டர். அவ்வளவுதான். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் கிடக்கிறது என்று காட்ட ஒன்றும் இல்லை. என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, எந்த கியரில் போகிறோம், கிளம்பி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, மணி என்ன, எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் 1950-களில் வரைந்த முகம் அது. எல்லைக் காவலுக்கென்று நம் ராணுவம் 800 வண்டி கேட்கப்போய், 1955-இல் மெட்ராஸில் கம்பெனி தொடங்கி, பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச்காரர்கள் கடையைக் கட்டிய பிறகும் இங்கே அந்த டூம் மாறவில்லை. மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டார்களா என்று நான் யோசித்ததுண்டு.

என்னுடையது 1996 மாடல். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கினேன். சாவியோடும் ஆர்சி புத்தகத்தோடும் ஒரு ஸ்கூல் நோட்டையும் கையில் கொடுத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டபோதும் தேதி, லிட்டர், மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டர் என்று மூன்று பத்தியாக எழுதி வைத்திருந்தார். அவருடைய பெட்ரோல் கேஜ் அந்த நோட்டுதான். “இத நிறுத்திடாதீங்க தம்பி” என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் அவசரத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஊருக்குள் ஓட்டும்வரை இந்த இரண்டு முட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. தில்லைநகரிலிருந்து ஜங்ஷனுக்குப் போய்வர யாருக்கு மீட்டர் வேண்டும்? தூரப் பயணம் பழகிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய பிறகு ஸ்பீடாமீட்டர் முள் நிலைகொள்ளாமல் போயிற்று. நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே சாமி வந்தவர்போல ஆடிக்கொண்டிருந்தது. நான் போவது எந்த வேகம் என்பதைப் பக்கத்தில் வரும் லாரியைப் பார்த்து ஊகிக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை பெட்ரோல். ஆழியாறில் ஆரம்பிக்கும் 40 வளைவுகளையும் ஏறி வால்பாறை போய், அங்கிருந்து மளுக்குப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுப்பாதை எனக்குப் பிடித்த சாலை. சோதனைச்சாவடி தாண்டிவிட்டால் நடுக்காட்டில் பங்க் கிடையாது. ஆவி பறக்கும் யானைச் சாணம் சாலையில் கிடக்கும் இடத்தில் என்ஜின் இரண்டு முறை இருமினால் என்ன செய்வீர்கள்? கிளட்சைப் பிடித்தபடி டேங்குக்கு அடியில் கையை விட்டு டேப்பை ரிசர்வுக்குத் திருப்பவேண்டும். திருப்பிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த இருமல் எப்போது வரும் என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுவது இருக்கிறதே, அதில் காடு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இந்த நேரத்தில்தான் என் நண்பன் ஹிமாலயன் வாங்கினான். 2016-இல் வந்த வண்டி. அதன் மீட்டரை முதன்முதலில் பார்த்தபோது ஒரு சின்ன வயிற்றெரிச்சல் வந்ததை மறைக்கவில்லை. வேகத்துக்கு ஒரு முள், என்ஜின் சுற்றுக்கு ஒரு முள், பெட்ரோலுக்கு ஒரு முள், இரண்டு ட்ரிப் மீட்டர், வெளியே எத்தனை டிகிரி வெயில், போதாததற்குத் திசைகாட்டி வேறு. மணாலியிலிருந்து லே போய்வந்து படங்களைக் காட்டினான். டாண்டி பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதியிருக்கும் அந்தப் புகழ்பெற்ற பலகைக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

“15 லிட்டர் டேங்க் மாப்ள. லிட்டருக்கு முப்பதுன்னு வச்சாலும் 450 வருது. வழியில முள்ளப் பாத்துக்கிட்டே போனேன், நிம்மதியா இருந்துச்சு. நீ என்னன்னா டேங்க ஆட்டி சத்தம் கேட்டுக்கிட்டு இருக்க. அந்த ரெண்டையும் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு டிஜிட்டல் மீட்டர மாட்டுடா.”

சென்னைக்குப் போன ஒரு வேலையோடு வேலையாக, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் இறங்கினேன். ஒரு கடையில் கையகல டிஜிட்டல் மீட்டரை எடுத்து பாட்டரியில் தொட்டுக் காட்டினார்கள். நீல வெளிச்சத்தில் எண்கள் துள்ளின. வேகம், ஆர்பிஎம், ட்ரிப், பெட்ரோல் கட்டம், பாட்டரி வோல்ட், கடிகாரம் எல்லாம் அதற்குள் உண்டு. பேரம் பேசாமலே வாங்கியிருப்பேன். கடைப் பையன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “சார், டூம வெட்டணும். பரவால்லயா?”

வாங்காமல் ஊர் திரும்பி, பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார் அவர். டூமை வெட்டவேண்டும் என்றதும் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “வெட்டிரலாம் தம்பி, அது தகடு வேலைதான். ஆம்ப் மீட்டர் போயிட்டா காலைல வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?” என்றார்.

செல்ஃப் பட்டனை அழுத்திப் பழகியவர்களுக்கு இதை விளக்கியாகவேண்டும். காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டின் என்ஜின் 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாராமல் கிக்கரில் ஏறி மிதித்தால், அது திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பெயர்த்துக்கொண்டவர்கள் திருச்சியிலேயே உண்டு. பிஸ்டன் இருக்குமிடத்தை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் இந்தச் சின்ன முள் வேலைக்கு வருகிறது. சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்தவேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போவதால் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும். பிஸ்டன் மேலே வந்து பாயிண்ட் திறந்ததும் கரண்ட் நின்று, முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் இடதுகை டீகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு பொட்டு இறக்கி, டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரே மிதி. கார்புரேட்டர் சரியாக இருந்தால் அந்த ஒரு மிதி போதும்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பொன்மலைக்காரர் வண்டியைக் கொடுத்த அன்றைக்கே சொல்லித்தந்ததுதான். ஆனால் தினமும் செய்வதாலேயே அதை ஒரு மீட்டர் பார்க்கிற வேலையாக நான் நினைத்திருக்கவில்லை. காலும் கண்ணும் தாமாகச் செய்துவிட்டுப் போகும் காரியம் அது. ஜி.பி. ரோட்டு டிஜிட்டல் மீட்டரில் வோல்ட் காட்டும் எண் உண்டு. ஆனால் பாயிண்ட் திறந்த கணத்தில் எழுந்து நின்று சொல்லும் முள் இல்லை.

சரி, அப்படியானால் ஆம்ப் மீட்டர் புனிதம், தொடக்கூடாது என்று முடிவுகட்டிவிடலாமா? அதுவும் முடியவில்லை. விராலிமலைப் பக்கம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். சீரான நாற்கரச் சாலை, எண்பதுக்குக் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருக்கிறேன். ஹெட்லைட், டெயில் லைட், ஹாரன், என்ஜின் எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போயின. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. ஓரம் கட்டி நிறுத்தி போன் அடித்தால் பாய் தூக்கக் கலக்கத்திலேயே நோயைச் சொல்லிவிட்டார். “டூமத் தெறங்க. ஆம்ப் மீட்டர் பின்னாடி ரெண்டு நட்டு இருக்கும். ஒண்ணு கழண்டிருக்கும் பாருங்க.”

கழண்டிருந்தது. வயர் தொட்டும் தொடாமலும் தொங்கியது. ஆம்ப் மீட்டரின் குணமே இதுதான். வண்டியின் கரண்ட் அனைத்தும் அதன் வயிற்றுக்குள் புகுந்து வந்தால்தான் அது அளக்கமுடியும். அதன் நட்டு கழண்டால் மொத்த வண்டியும் இருட்டு. புல்லட்டின் அதிர்வுக்கு எந்த நட்டும் நிரந்தரமில்லை. அதனால்தான் பலபேர் அந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஆம்ப் மீட்டரைப் பொம்மையாக விட்டுவைத்திருக்கிறார்கள். வோல்ட் மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. மெல்லிசாக இரண்டு வயர் இழுத்தால் போதும். அது அறுந்தாலும் வண்டி ஓடும். பாட்டரியின் உடல்நிலையை அதுதான் துல்லியமாகவும் சொல்லும்: நிறுத்திவைத்த நல்ல 12 வோல்ட் பாட்டரி 12.6 காட்டும், ஓடும்போது பதிமூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவில் நிற்கவேண்டும், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கவேண்டும். பாட்டரி செத்துக்கொண்டிருப்பதை ஆம்ப் மீட்டர் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஆக, நண்பன் சொல்வதிலும் நியாயம், பாய் கேட்டதிலும் நியாயம். இரண்டு பேருமே விட்டுவிட்ட ஒன்றும் இருந்தது. ஆடுகிற ஸ்பீடாமீட்டர் உண்மையிலேயே கெட்டுப்போயிற்றா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் அதைத் திறந்து காட்டினார். 1902-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ஸே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. நூறு வருடமாக உலகத்தில் பெரும்பாலான வண்டிகளை இதுதான் ஆண்டது. முன்சக்கரத்திலிருந்து கேபிள் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல், ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். கிலோமீட்டர் எண்கள் இதில் சேர்த்தி இல்லை. அவை பற்சக்கரத்தால் நேரடியாக ஓடுபவை. வேகத்தை முள் தப்பாகக் காட்டும்போதும் அவை தூரத்தைச் சரியாகவே எண்ணிக்கொண்டிருக்கலாம்.

என் மீட்டருக்குள் ஒரு கோளாறும் இல்லை. காய்ந்து கிடந்தது கேபிள்தான். உள்கம்பி ஓரிடத்தில் உறையோடு உரசி, சிக்கிச் சிக்கி விடுபட்டுக்கொண்டிருந்தது. அது துள்ளும்போதெல்லாம் முள்ளும் துள்ளியிருக்கிறது. புதுக் கேபிள் சில நூறு ரூபாய். மாட்டியதும் முள் சாதுவாகிவிட்டது.

சாதுவானால் மட்டும் போதுமா, உண்மை பேசவேண்டாமா? அதற்கொரு பழைய வழி இருக்கிறது. அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 60 வினாடி. திண்டுக்கல் சாலையில் விடிகாலையில் முள்ளை அறுபதில் நிறுத்திக்கொண்டு, மஞ்சள் தலை போட்ட மைல்கல்லுக்கும் அடுத்த மைல்கல்லுக்கும் நடுவே கைக்கடிகாரத்தில் பிடித்தேன். 65 வினாடி ஆயிற்று. கணக்குப்படி என் நிஜ வேகம் 55. இது கோளாறில் சேராது என்பது பிறகு தெரிந்தது. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. வாகன விதி 39, ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. நிஜமாக எண்பதில் போகும் வண்டி 92 காட்டினாலும் விதிக்குள்தான் இருக்கிறது. நூறைத் தொட்டேன் என்று டீக்கடையில் பெருமை அடிப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். என் வண்டியில் தூர எண்கள் மட்டும் மைல்கற்களோடு ஒத்துப்போயின.

அப்படியானால் எனக்கு உண்மையில் எது இல்லை என்று யோசித்தேன். ஆர்பிஎம் வேண்டாம். நான்கு கியர் புல்லட்டில் என்ஜின் சத்தமே அதைச் சொல்லிவிடும், இருக்கையும் சொல்லும். கியர் எண் வேண்டாம். திசைகாட்டி நிச்சயமாக வேண்டாம், சூரியன் இருக்கிறது. பெட்ரோல் முள்கூட கட்டாயமில்லை, டேங்கில் ஓட்டை போட்டு மிதவை வைக்க மனம் வரவில்லை. பெட்ரோல் போட்டதிலிருந்து எவ்வளவு ஓடியிருக்கிறேன் என்று ஒரு எண் கண்முன்னால் இருந்தால் போதும். பொன்மலைக்காரர் நோட்டில் எழுதிவந்ததும் இதே எண்ணைத்தான்.

அதற்கு டூமை வெட்டவேண்டியதில்லை. சைக்கிள்காரர்கள் ஹேண்டில்பாரில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். முன்சக்கர ஸ்போக்ஸில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார், அவ்வளவுதான் வேலை. சக்கரச் சுற்றளவை மட்டும் அதற்குச் சரியாகச் சொல்லவேண்டும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, நான் மேலே உட்கார்ந்துகொள்ள, பாயின் பையன் வண்டியை நேராகத் தள்ளினான். கோடு தரையில் பதிந்த இரண்டு இடத்துக்கும் நடுவே டேப் வைத்து அளந்தோம். 19 இஞ்ச் டயருக்கு 2 மீட்டருக்குச் சற்று மேலே வந்தது. ஆள் உட்காராமல் அளந்தால் கணக்கு பிசகும், டயர் எடையில் கொஞ்சம் அமுங்குகிறது.

வழிகாட்டுவதற்கும் மீட்டருக்கும் சேர்த்து போனையே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய என்ஜின் மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் அறிவித்தது. புல்லட்டின் அதிர்வைப் பற்றி அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும். என் போன் சட்டைப் பையில்தான் போகிறது.

கடைசியில் நடந்தது இவ்வளவுதான். ஸ்பீடாமீட்டர் அப்படியே இருக்கிறது, கேபிள் மட்டும் புதிது. ஆம்ப் மீட்டரும் அதன் இடத்தில் இருக்கிறது. அதன் பின்னால் இருந்த பழைய வயர் முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, வளையம் வைத்த முனைகளைப் போட்டு, ஸ்பிரிங் வாஷரும் இரட்டை நட்டும் கொடுத்துப் பாய் இறுக்கினார். ஹேண்டில்பாருக்குக் கீழே, வெளியே அதிகம் தெரியாத இடத்தில் விரல் அகல வோல்ட் மீட்டர் ஒன்று. மேலே சைக்கிள் மீட்டர். மொத்தச் செலவு ஜி.பி. ரோட்டுக்காரர் சொன்ன விலையில் கால்வாசிகூட வரவில்லை. நண்பனுக்கு இதில் திருப்தி இல்லை. “பாதி கல்யாணம் பண்ணியிருக்கடா” என்றான். அவன் வண்டியில் அந்த மீட்டர் அவ்வளவும் பொருத்தம்தான், அதற்கென்றே வரைந்த வண்டி. செல்ஃப் ஸ்டார்ட்டரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் உள்ள புல்லட்டாக இருந்தால் நானும் அந்த ஜி.பி. ரோட்டு டிஜிட்டல் மீட்டரையே வாங்கியிருப்பேன். பாயிண்ட் போட்ட பழைய வண்டிக்கு ஆம்ப் மீட்டரைக் கழற்றக்கூடாது என்பதுதான் என் முடிவு. வயரை மட்டும் சரிசெய்தால் போதும்.

இதே யோசனையில் இருக்கும் புல்லட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முள் ஆடினால் புது மீட்டருக்கு விலை கேட்கும் முன்பு கேபிளைக் கழற்றி உள்கம்பியை உருவிப் பாருங்கள். இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காய்ந்து மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மீட்டரோடு சேரும் மேல்முனையில் ஒரு ஜாண் நீளத்துக்கு மட்டும் தடவவேண்டாம். அங்கே தடவினால் கிரீஸ் உள்ளே ஏறி காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். அதற்குப் பிறகு வீட்டு வாசலிலேயே முள் நூறு காட்டும்.